சுவிசேஷக் கைப்பிரதி: எழுதுவதிலிருந்து கையில் கொடுப்பது வரை

பல சபைகளில் கைப்பிரதி ஊழியம், அதாவது நற்செய்தியைச் சின்னத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும் வேலை, தலைகீழாகத்தான் தொடங்குகிறது. முதலில் காணிக்கை சேரும். உடனே பத்தாயிரம் பிரதிக்கு ஆர்டர் போகும். அச்சகத்துக்காரர் "மேட்டர் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து எழுதுவார். பிரதியைப் படித்த ஒருவர் ஃபோன் செய்தால் யார் எடுப்பது, என்ன பேசுவது என்று கடைசி வரைக்கும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் வேலையையே தொடங்க வேண்டும். மத்தேயு 28:19-20இல் உள்ள கட்டளை சீஷராக்கவும், ஞானஸ்நானம் கொடுக்கவும், உபதேசிக்கவும் சொல்கிறது. பிரதி கொடுப்பது இந்த மூன்றுக்கும் முந்தைய ஒரு சின்ன வேலை. மற்ற மூன்றுக்கும் ஆள் இல்லாத இடத்தில் பிரதியை அச்சடிக்காமல் இருப்பதே மேல்.

ஃபோனை எடுக்கப்போவது யார்

சபையின் பெயரில் ஒரு தனி சிம் வாங்குங்கள். போதகரின் சொந்த எண்ணை அச்சடிக்கக் கூடாது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் ஆயர்களுக்கு சில வருடங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், பிரதியோ பீரோவுக்குள்ளும் பைபிளுக்குள்ளும் அதைவிட அதிக காலம் கிடக்கும். நாலு வருடம் கழித்து ஒருவர் அழைக்கும்போது வேறு ஊரில் இருக்கும் ஆயர் எடுத்து "நான் இப்ப அங்க இல்லீங்க" என்று சொன்னால் அந்த உரையாடல் அதோடு முடிந்துவிடும். பெண் ஊழியர்களின் சொந்த எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் அச்சில் போடக் கூடாது. நள்ளிரவு அழைப்புகளின் தொல்லையை அனுபவித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்த ஃபோனுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு பேர் பொறுப்பு. பெண்கள் அழைத்தால் பெண்ணே பேச வேண்டும். மாலை 6 முதல் 9 வரை என்பது போல ஒரு நேரத்தைப் பிரதியிலேயே குறிப்பிடுங்கள். தவறிய அழைப்புக்கு அன்றைக்கே திரும்பப் பேசுங்கள், அதிகபட்சம் மறுநாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் எதற்காக அழைத்தோம் என்பதையே அவர் மறந்திருப்பார். இல்லாவிட்டால் அப்போதிருந்த துணிவு போயிருக்கும்.

பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, எந்தத் தெருவில் கிடைத்த பிரதி, அவர் கேட்ட கேள்வி, நாம் என்ன கொடுப்பதாகச் சொன்னோம், அடுத்து யார் எப்போது பேசுவது என்று ஐந்து பத்திகள் போதும். அந்த நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. அதில் இருப்பது ஒருவரின் வீட்டு ரகசியம்.

அளவு முதலில், எழுத்து பிறகு

இடம் எவ்வளவு என்று தெரியாமல் எழுதினால் 900 வார்த்தை வந்துவிடும். அதைச் சுருக்க மனமில்லாமல் எழுத்தின் அளவை 8 புள்ளிக்கு (பாயின்ட்) குறைப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர் கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியாது.

வசதியான அளவு, ஏ5 தாளை ஒரு மடிப்பு மடித்தது. நான்கு பக்கம், ஒவ்வொன்றும் 105 க்கு 148 மில்லிமீட்டர். விரித்த தாளை அச்சகத்தில் டெம்மி 1/8 என்று சொன்னாலும் ஏறக்குறைய ஏ5 அளவுதான் வரும். அதே ஏ5ஐ மூன்றாக மடித்தால் ஆறு பக்கம் கிடைக்கும், சட்டைப்பையிலும் எளிதாக நுழையும். ஆனால் வரியின் அகலம் ஆறு சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். தமிழில் வார்த்தைகள் நீளம் என்பதால் வரிக்கு மூன்று நான்கு வார்த்தைதான் நிற்கும், படிப்பவரின் கண் தடுக்கிக்கொண்டே போகும். ஒரு மடிப்பே நல்லது.

எழுத்து 11 அல்லது 12 புள்ளி, வரிக்கு வரி 16 புள்ளி. இப்படி வைத்தால் உள்ளே இரண்டு பக்கங்களில் பக்கத்துக்கு 110 வார்த்தையும், பின்பக்கத்தில் 60 வார்த்தையும் கொள்ளும். முகப்பில் தலைப்பும் இரண்டு வரியும் மட்டும். ஆக மொத்தம் 300 வார்த்தை. அதற்கு மேல் சொல்ல வேண்டியது இருந்தால் அது இரண்டாவது பிரதிக்கான விஷயம்.

எழுதுவது

கைப்பிரதியில் என்ன இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு 1 கொரிந்தியர் 15:3-4ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். அந்த நிருபத்தை எழுதிய பவுல் இதைத்தான் பிரதானமாக ஒப்புவித்ததாகச் சொல்கிறார். சிலுவையும் உயிர்த்தெழுதலும் இல்லாமல் "இயேசு உங்களுக்கு சமாதானம் தருவார்" என்று மட்டும் சொல்லும் பிரதிகள் ஏராளம். அவற்றில் இயேசுவின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் வாக்கியம் பொருந்திவிடும். பொந்தியு பிலாத்து ரோம ஆளுநராக இருந்த காலத்தில் எருசலேமில் நடந்த சம்பவம் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். இது ஒரு இடத்தில், ஒரு காலத்தில் நடந்ததாகக் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள் என்பது படிப்பவருக்குப் புரியும். நம்புவதா இல்லையா என்பது அவர் முடிவு, ஆனால் எதை நம்பச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

தொடக்க வரிதான் மிகவும் கஷ்டம். "நீங்கள் இன்றிரவு மரித்தால் எங்கே போவீர்கள்?" என்று ஆரம்பிக்கும் பிரதியைப் பலர் முதல் வரியிலேயே மடித்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து சாவைப் பற்றிப் பேசினால் நமக்கே பிடிக்காது. அதற்குப் பதில் இப்படித் தொடங்கலாம்: "ஒருவருக்குச் செய்த தீங்கைச் சரிசெய்ய நினைக்கும்போது, அந்த ஆளே இல்லாமல் போயிருக்கிறாரா? அந்த மன்னிப்பை இனி யாரிடம் கேட்பது?" இங்கிருந்து பாவம், மன்னிப்பு, சிலுவை என்று நேராகப் போகலாம். தொடக்கக் கேள்வியும் மையச் செய்தியும் ஒரே கயிற்றில் இருக்க வேண்டும். கடன் தொல்லையில் ஆரம்பித்து, நடுவில் திடீரென்று ஏதேன் தோட்டத்துக்குப் போய், சொர்க்கத்தில் முடிக்கும் பிரதியில் எதுவுமே மனதில் நிற்காது.

அடுத்தது சபைத் தமிழ். உள்ளே இருப்பவர்களுக்கு அது தாய்மொழி மாதிரி, வெளியே இருப்பவருக்கு அப்படியில்லை. "மாம்சத்தின் இச்சை" என்றால் பலர் கறிச்சோறு என்றே நினைப்பார்கள். "ஆவி" என்றால் பேய். "தேவன்" என்பது தென்மாவட்டங்களில் வேறு நினைவைக் கிளப்பும். எனவே கடவுள், மன்னிப்பு, மனம் மாறுவது, மீட்பு, நற்செய்தி என்று எழுதுங்கள். வசனத்தை ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த பழைய பைபிள் மொழிபெயர்ப்பின் நடையிலேயே போடுவதா, இன்றைய நடையிலுள்ள மொழிபெயர்ப்பை எடுப்பதா என்று சபைக்குள் வாக்குவாதம் வரும். வெளியாருக்கான பிரதி என்றால் இன்றைய நடையே சரி. ஒரே பிரதியில் இரண்டையும் கலக்காதீர்கள். வசனங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். "யோவா 3:16" என்பது பைபிளையே திறந்திராதவருக்கு ஒரு குறியீடு போலத்தான் இருக்கும். "பைபிள், யோவான் எழுதிய நற்செய்தி, 3ஆம் அதிகாரம், 16ஆம் வசனம்" என்று முழுதாக எழுதுங்கள்.

பிறர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். தமிழில் கிறிஸ்தவ அச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றே, 1578இல் கொல்லத்தில் வெளிவந்த பதினாறு பக்கச் சிறு மறைக்கல்விப் புத்தகம்தான். ஆனால் 1713இல் தரங்கம்பாடி அச்சகம் தமிழில் முதலில் வெளியிட்டவற்றில் ஒன்று, இங்குள்ளவர்களின் வழிபாடு எவ்வளவு அருவருக்கத்தக்கது என்று விளக்கும் சிறுநூல். அந்த நடை இன்றும் சில பிரதிகளில் தொடர்கிறது. அப்போஸ்தலர் 19:37ஐப் பாருங்கள். எபேசுவில் பவுலின் கூட்டாளிகளைப் பிடித்து வைத்திருந்த கும்பலிடம் நகர அதிகாரியே, இவர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சொல்கிறார். மூன்று வருட ஊழியத்துக்குப் பிறகும் எதிர்த்தரப்பில் நிற்பவர் அப்படிச் சாட்சி சொல்ல முடிந்தது. நம் பிரதியைப் படித்த கோவில் தர்மகர்த்தாவும் அப்படிச் சொல்ல முடிய வேண்டும்.

வாக்குறுதிகளிலும் கவனம் தேவை. வேலை கிடைக்கும், குழந்தை பிறக்கும், புற்றுநோய் குணமாகும் என்று அச்சில் போடாதீர்கள். ஜெபத்தில் நம்பிக்கை வேறு, அச்சில் உத்தரவாதம் வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஒருவர் ஜெபக்கூட்டத்துக்கு வந்தால் அதற்கு அந்த வரியை எழுதியவரும் பொறுப்பு.

முடிவில் ஒரே ஓர் அடுத்த படியைச் சொல்லுங்கள். "மாற்கு எழுதிய நற்செய்தி வேண்டுமானால் இலவசமாகத் தருகிறோம்" என்பது நல்ல அடுத்த படி. 16 அதிகாரம்தான், நான்கு நற்செய்திகளில் மிகச் சிறியது அதுவே. தயாரான ஜெபம் ஒன்றை அச்சடித்து "இதைச் சொன்னால் நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று முடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அவர் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே.

எழுதி முடித்ததும் சபைக்கு வராத ஐந்து பேரிடம் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரர், கல்லூரிப் பையன், சத்துணவு அமைப்பாளர் என்று யாராக இருந்தாலும் சரி. வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, "இது என்ன சொல்லுது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். அவர் எந்த வார்த்தையில் தடுமாறுகிறாரோ அதை மாற்றுங்கள். ஐந்தில் மூன்று பேர் "கிறிஸ்தவத்துக்கு மாறச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னால், செய்தியே போய்ச் சேரவில்லை. திரும்ப எழுத வேண்டியதுதான்.

அச்சகத்தில்

தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத அச்சுத் தாள், போதும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பால்பாயின்ட் பேனா ஒழுங்காக எழுதாது. பிரதியின் ஓரத்தில் ஒரு பெயரையோ நேரத்தையோ குறித்துக் கொடுக்கும் தேவை அடிக்கடி வரும். 70க்குக் கீழே போனால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும், 130ஐத் தாண்டினால் மடிப்பில் மை உதிரத் தொடங்கும். ஏ5 தாள் 80 ஜிஎஸ்எம்மில் இரண்டரை கிராம், எனவே ஆயிரம் பிரதி இரண்டரை கிலோ. பைக்கில் எடுத்துப்போகக் கணக்குப் போடும்போது உதவும்.

முதல் தடவை ஆயிரம் போதும். சில நூறுதான் வேண்டும் என்றால் டிஜிட்டல் அச்சு, ஆயிரம் முதல் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான் என்பதால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதி விலை இறங்கும். பத்தாயிரம் அடிக்கத் தூண்டுவதும் இந்தக் கணக்குதான். பிழையோடு பத்தாயிரம் அடித்தவர்களின் சபை அறை மூலையில் கட்டுக்கள் இன்னும் கிடக்கும்.

பிழை வரும் இடங்கள் தெரிந்தவையே. யூனிகோடில் தட்டச்சு செய்ததை டிடிபிக்காரர் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது "கொ", "கௌ", "க்ஷ", "ஸ்ரீ" உடையும். மாற்றிய பிறகு வந்த பிரதியைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், நீங்கள் அனுப்பியதை அல்ல. யோவான் நற்செய்தியும் 1 யோவானும் இடம் மாறும். வசன எண்ணை ஒருவர் பைபிளைத் திறந்து வாசிக்க, இன்னொருவர் பிரதியில் சரிபார்க்கட்டும். ஃபோன் எண்ணை மெய்ப்பிலிருந்து பார்த்து உண்மையாகவே டயல் செய்து பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டு யாரோ ஒரு லாரி டிரைவருக்குத் தினமும் பத்து அழைப்பு போன கதைகள் உண்டு.

க்யூஆர் கோடு வைப்பதென்றால் அதன் நீளமும் அகலமும் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு வையுங்கள். இலவச இணையச் சேவைகள் தரும் சில கோடுகள் கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். முகவரியையே நேரடியாகப் பதித்த நிலையான கோடுதான் வேண்டும். ஸ்கேன் செய்தவர் ஒன்றரை மணி நேரப் பிரசங்க வீடியோவில் போய் விழாமல், மாற்கு நற்செய்தியின் எழுத்திலோ ஒலியிலோ நிற்கட்டும்.

கன்வென்ஷன் தேதி, கிறிஸ்துமஸ் ஆராதனை நேரம் போன்றவற்றைப் பிரதியில் சேர்க்காதீர்கள். அந்தத் தேதி போன மறுநாள் பிரதி குப்பை. தேவையென்றால் தனித் துண்டுச் சீட்டாக உள்ளே வையுங்கள். சபையின் பெயரும் ஊரும் பின்பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். பெயரில்லாத பிரதி சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கொடுக்கும்போது

லூக்கா 10:1இல் இயேசு இரண்டிரண்டு பேராக அனுப்பினார், அதைவிட நல்ல எண்ணிக்கை இல்லை. ஐந்தாறு பேர் பையோடு ஒரு வாசலில் நின்றால் உள்ளே இருப்பவருக்கு நியாயமாகவே பயம் வரும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றால் எந்த வீட்டிலும் பேச வசதி. ஜோடிக்கு 50 பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கையில் 300 இருந்தால் அதைத் தீர்ப்பதே வேலையாகிவிடும், பேச நிற்க மாட்டார்கள்.

காலை பத்தரை முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் ஐந்தரை. விளக்கு வைக்கும் நேரத்தில் யார் வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள். துக்க வீடு, ஊர்த் திருவிழா, காப்புக் கட்டியிருக்கும் நாட்கள், விநாயகர் சதுர்த்தி ஊர்வல நாள், பொதுத்தேர்வு வாரம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. கோலத்தை மிதிக்கக் கூடாது, செருப்போடு திண்ணையில் ஏறக் கூடாது, கூப்பிடாமல் வாசற்படி தாண்டக் கூடாது. கோவில் வாசலிலும் பள்ளிக்கூட கேட்டிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் கொடுக்காதீர்கள். நோயாளியோ குடும்பத்தாரோ அழைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவும் பார்வை நேரத்தில். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பெற்றோர் இல்லாமல் கொடுப்பது கூடவே கூடாது.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "அண்ணே, இயேசுவைப் பத்தி ஒரு சின்னப் பிரதி, நேரம் கிடைக்கும்போது படிச்சுப் பாருங்க." வலது கையால், கண்ணைப் பார்த்து. "வேண்டாம்பா" என்றால் "சரிங்கண்ணே, வர்றோம்" என்று நகர வேண்டும். இரண்டாவது முறை நீட்டக் கூடாது. வண்டியின் வைப்பரில் செருகுவது, கேட்டுக்கு அடியில் தள்ளுவது, பஸ் ஜன்னல் வழியாக வீசுவது எல்லாம் எண்ணிக்கையைக் காட்டத்தான் உதவும். முடித்துவிட்டுத் திரும்பும்போது தெருவில் கிடக்கும் நம் பிரதிகளைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அதில் வசனம் இருக்கிறது, ஊரில் சுத்தம் செய்பவர் இருக்கிறார்.

வாங்குகிறவரைப் படமெடுக்காதீர்கள். "இன்றைய ஊழியம்" என்று ஸ்டேட்டஸில் போட்ட படத்தால், சும்மா ஒரு தாளை வாங்கிய பெண் தன் மாமியார் வீட்டில் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று விளக்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவு, வேண்டுமென்றே பிறர் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உள்ளன. இங்கிருந்து மிஷனெரிப் பயணம் போகும் குழுக்கள் அந்த மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் ரயில் ஏறக் கூடாது. அரிசி, சேலை, பள்ளிக் கட்டணம் எதையும் பிரதியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். உதவி செய்வது நல்லது, அதை வேறு நாளில், எல்லோருக்கும், பிரதி இல்லாமல் செய்யுங்கள்.

யாராவது தடுத்தால் வாதம் வேண்டாம். சபையின் கடிதமும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். பிரதியில் ஒன்றைக் கொடுத்து, "இதைத்தாங்க கொடுக்கிறோம், வேண்டாம்னா போயிடுறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மைக் வைப்பது வேறு கதை. அதற்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி இருந்தாலும் கூடாது.

அழைப்பு வந்த பிறகு

முதல் அழைப்பில் முக்கால்வாசி நேரம் அவர் பேசட்டும். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாங்க" என்பது முதல் அழைப்புக்கான வாக்கியம் அல்ல. மாற்கு நற்செய்தியைக் கொடுத்து, வாரத்துக்கு நான்கு அதிகாரம் என்று நான்கு வாரத்தில் முடிக்கச் சொல்லலாம். வாரம் ஒருமுறை, "இதில் எது புரியவில்லை?" என்று கேட்டுப் பேசுங்கள். சந்திப்பு குடும்பத்தார் தெரிய, ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும்.

சிலர் ஞானஸ்நானம் வரை வருவார்கள். அப்போது ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். 1950ஆம் ஆண்டு ஷெட்யூல்டு வகுப்பினர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே எஸ்சி தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் அந்தச் சான்றிதழின் பயன் போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். படிப்பு, வேலை, உள்ளாட்சித் தேர்தல் எல்லாவற்றையும் இது பாதிக்கும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க அவருக்கு நேரம் கொடுங்கள், மாதக்கணக்கில் ஆனாலும் சரி. ஆண்டறிக்கைக்கு எண்ணிக்கை வேண்டும் என்பதற்காகத் தேதி குறிப்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆயிரம் பிரதி தீரும்போது நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும். "பைபிள் எந்த நாட்டுப் புத்தகம்?", "சாமி கும்பிடுற வீட்டுக்கு வந்தா சாப்பிட மாட்டீங்களா?" என்ற வகை. அடுத்த அச்சில் மூன்றாம் பக்கத்தின் முதல் பத்தியை அந்தக் கேள்விக்கு ஒதுக்குங்கள். திருத்திய பிடிஎஃப்பில் தேதி போட்டு வைத்தால் பழைய கோப்பு தவறி அச்சுக்குப் போகாது.